பதினான்காவது வார்டின் கிழக்கு எல்லை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் ராஜாவாக இருந்தது என்று ஆரம்பிக்க எனக்கும் ஆசைதான். ஆனால் இந்தக் கதை நடந்த காட்டில் சிங்கத்தின் பதவிக்காலம் எப்போதோ முடிந்துவிட்டது. காட்டை முதலில் பேரூராட்சி ஆக்கினார்கள். அப்புறம் நகராட்சி. வரியை ஏற்ற வேறு வழி தெரியாமல் கடைசியில் மாநகராட்சியும் ஆக்கிவிட்டார்கள். மாநகராட்சி என்றால் வார்டு வேண்டும், வார்டு என்றால் எல்லை வேண்டும் அல்லவா? அந்த எல்லையில்தான் நம் கதை படுத்திருக்கிறது.

பதினான்காவது வார்டும் பதினைந்தாவது வார்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு குட்டை இருந்தது. அதில் மந்தாகினி என்ற எருமை வசித்தாள். யார் வம்புக்கும் போகாதவள். காலையில் மேய்வாள், வெயில் ஏறினால் குட்டையில் இறங்குவாள், கழுத்தளவு தண்ணீரில் படுத்து அசைபோடுவாள். இந்த உலகத்தில் அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அவள் முதுகில் ஒரு இரட்டைவால் குருவி குடியிருந்தது. மாநகராட்சி அலுவலக வாசலில் மனு எழுதிக் கொடுப்பது அதன் தொழில். ஊரார் மனுவுக்குப் புழு வாங்கும். மந்தாகினிக்கு எழுதினால் அவள் முதுகிலேயே உண்ணி பொறுக்கிக்கொள்ளும்.

அந்தக் குட்டை வற்ற ஆரம்பித்தது. ஏரியிலிருந்து வருகிற வாய்க்காலை ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொண்டன. கழுத்தளவு இருந்த தண்ணீர் வயிற்றளவாகி, முழங்காலளவாகி, சித்திரை பிறந்தபோது சேறுதான் மிச்சம். எருமைத் தோலுக்கு வெயில் ஆகாது. மந்தாகினியின் முதுகு வெடித்து எரிந்தது. எருமை மேல் மழை பெய்தால் உறைக்காது என்று சொல்கிறவர்கள், எருமை மேல் வெயில் அடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்ததில்லை.

மனுவோடு கவுன்சிலரைப் பார்க்கப் போனாள். பதினான்காவது வார்டுக் கவுன்சிலர் நரியார். ஆரம்பத்திலிருந்து அவர்தான். மனுவை வாங்கி, படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, குட்டைல எங்க பங்கு எதுன்னு தெரிஞ்சாத்தானே நான் வாய்க்கால்ல கை வைக்க முடியும்? அரசிதழ்ல என்ன போட்டிருக்கு? கரும்பாறைக்கு மேற்கே பதினாலு, கிழக்கே பதினஞ்சு. அந்தப் பாறையை எனக்குக் காட்டு. நாளைக்கே தூர் வாரிடறேன்.”

“பாறையா? பொறந்ததுலேருந்து அங்கேயேதான் கெடக்கிறேன். ஒரு பாறையும் நான் பாத்ததில்லீங்களே.”

“அப்ப பதினஞ்சுல போய்க் கேளு.”

பதினைந்து, பெண்கள் வார்டு. ஜெயித்தவர் மரகதம் என்கிற குரங்கம்மாள். அந்த அம்மாள் வீட்டில் பிள்ளைகளுக்குப் பேன் பார்த்துக்கொண்டிருக்க, கவுன்சிலர் நாற்காலியில் அவர் வீட்டுக்காரர் வாலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“மேடம் மீட்டிங்ல இருக்காங்க. என்ன விஷயம்னு என்கிட்டயே சொல்லலாம். அவங்க கையெழுத்தையும் நான்தான் போடறேன்.”

மந்தாகினி சொன்னாள்.

“செஞ்சுடலாமே! பாறையைக் காட்டு.”

பொறியாளர் ஓணானை அனுப்பினார்கள். ஓணான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறவர், நல்லவர். ஒன்றல்ல, மூன்று முறை வந்து பார்த்தார். அவர் வரும்போதெல்லாம் மந்தாகினி, ‘ஆபீசர் வர்றாரே’ என்று மரியாதையாக எழுந்து கரையேறி நின்றாள். ஓணான் குட்டையை உற்றுப் பார்த்துவிட்டு, ‘பாறை காணப்படவில்லை’ என்று எழுதிக்கொண்டு போனார். மூன்று முறையும் அதே மரியாதை, அதே குறிப்பு.

அவளுக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. நடந்த இரண்டு தேர்தலிலும் வரிசையில் போய் நின்றாள். இரண்டு தடவையும், “பட்டியல்ல பேர் இல்லம்மா, ஓரமாப் போங்க” என்று அனுப்பிவிட்டார்கள். ஊரெல்லாம் நகத்திலும் அலகிலும் மை வைத்துக்கொண்டு திரிந்த அந்த நாட்களில் அவள் தன் குளம்பைப் பார்த்துப் பார்த்து ஏங்கினாள். குளம்பே கறுப்பு, மை வைத்தாலும் தெரியப்போவதில்லை. இருந்தாலும் ஆசை ஆசைதானே.

“இப்படி ஆளாளுக்குக் கைகாட்டினா ஆகாது அக்கா” என்றது குருவி. “தகவல் உரிமைச் சட்டத்துல போடுவோம். இந்த வார்டோட பொறப்பு வளர்ப்பெல்லாம் ஒரு கோப்புல இருக்கும். அதுல பாறை எங்கேன்னு இருக்கும்.”

முப்பது நாளில் வர வேண்டிய பதில் தொண்ணூறாவது நாள் வந்தது. குருவி மந்தாகினியின் கொம்பில் உட்கார்ந்து படித்தது.

“‘பதினான்காவது வார்டின் வரலாறு. முதலில் இது மூன்றாவது வார்டாக இருந்தது. முயல்கள் பெருகியதால் ஒன்பதாவது வார்டு ஆயிற்று. பிறகு ஆலமரத்து வௌவால்கள் தேர்தலில் தலைகீழாக ஓட்டுப் போட்டதால், ஆலமரம் பதின்மூன்றாவது வார்டுக்குத் தள்ளப்பட்டது. மிச்சம் பதினான்கு.’”

“பாறைக்கு வா.”

“வரேன், வரேன். சர்வேயர் கொக்கு எழுதியிருக்கார்: ‘நண்பகலில் குட்டையின் நடுவே கரும்பாறை ஒன்று அசையாமல் கிடந்தது. அதன்மேல் ஒற்றைக் காலில் நின்று இரண்டு வார்டுகளையும் அளந்து பிரித்தேன். அளக்கும்போது பாறை ஒருமுறை பெருமூச்சு விட்டது. லேசான நிலநடுக்கம்.’”

குருவி படிப்பதை நிறுத்தியது. மந்தாகினி அசைபோடுவதை நிறுத்தினாள்.

“அன்னிக்கு ஒரு கொக்கு முதுகுல வந்து நின்னுச்சு. உண்ணி பொறுக்க வந்துருக்கும்னு நெனச்சேன்” என்றாள் மெதுவாக.

“உன் பேரு ஏன் பட்டியல்ல இல்லன்னும் இருக்கு அக்கா. ‘குட்டை: குடியிருப்போர் யாருமில்லை. பாறை ஒன்று.’”

அவளுக்கு அழுகை வந்தது. கோபம் அதற்கு அப்புறம் வந்தது. எருமைக்கு எல்லாமே கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். எழுந்தாள். பதினைந்தாவது வார்டையும் அதன் சந்தையையும் தாண்டி, கிழக்கே இருந்த மாநகராட்சி அலுவலகத்துக்கு நடந்தாள். ஆணையர் யானை, கோப்புகளுக்கு நடுவே மூச்சுவிட இடமில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒப்பந்த விஷயமாக நரியாரும், மனைவியின் சார்பாகக் குரங்கும் அங்கேயே இருந்தார்கள்.

“ஐயா, நான் பாறையில்லீங்க. எருமை.”

ஆணையர் கோப்பைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கோப்பைப் பார்த்தார். கோப்புதான் அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது.

“அம்மா, நேர்ல பாத்தா எருமை மாதிரிதான் இருக்கீங்க. நான் இல்லேங்கல. ஆனா நீங்க எருமைன்னு நான் எழுதிட்டா, எல்லைல பாறை இல்லேன்னு ஆகும். எல்லை இல்லேன்னா வார்டு இல்ல. வார்டு இல்லேன்னா நடந்த ரெண்டு எலெக்‌ஷனும் செல்லாது. இவங்க போட்ட தீர்மானம் செல்லாது. அந்தத் தீர்மானத்துல வாங்கின என் ஜீப்பும் செல்லாது. இதெல்லாம் சரிப்படுமா?”

“அப்ப நான் யாருங்க?”

“பாறைதான். அரசிதழ் பொய் சொல்லாது.”

மந்தாகினி அதை வாயில் போட்டு அசைபோட்டாள். அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

“சரிங்க. நான் பாறைன்னா, நான் இருக்கிற எடந்தான் எல்லையா?”

“பாறை இருக்குமிடமே எல்லை. இதுல சந்தேகமே வேண்டாம்” என்றார் ஆணையர்.

முதலில் கணக்குப் போட்டு முடித்தவர் நரியார். பாறைக்கு மேற்கே எல்லாம் பதினான்கு. பாறை இப்போது ஆணையர் அறையில். அப்படியானால் நடுவில் உள்ள சந்தை, பேருந்து நிலையம், குரங்கின் வீடு, எல்லாமே அவருடைய வார்டு!

“அம்மா, தாயே! இப்படியே படுத்துக்கோங்க. யாருப்பா அங்க, அம்மாவுக்குப் புண்ணாக்கு கொண்டாங்க!”

“எங்க சந்தை!” என்று அலறிய குரங்கு, மந்தாகினியின் வாலைப் பிடித்துக் கிழக்கே ஜன்னல் பக்கம் இழுத்தார். பதற்றத்தில் அவருக்குத் திசை தெரியவில்லை. அவர் இழுக்க இழுக்க நரியாரின் வார்டு இன்னும் இரண்டு அடி வளர்ந்தது.

புண்ணாக்கு வந்தது, தவிடு வந்தது, மாலை வந்தது. வாய்க்காலைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. மந்தாகினி மாலையைத் தின்றாள். பிறகு எழுந்து, வந்த வழியே மேற்கு நோக்கி நடந்தாள். சந்தை மறுபடி பதினைந்துக்குப் போயிற்று. குரங்கு கும்பிட்டார். குட்டை வந்தது, அவள் நிற்கவில்லை. இன்னும் மேற்கே போய், நரியாரின் வளை வாசலையும் தாண்டி, அவர் வீட்டுக் கொல்லையில் தொம்மென்று படுத்தாள்.

பின்னாலேயே ஓடிவந்த நரியாருக்கு மூச்சு இரைத்தது.

“என்னம்மா இது, வீட்டு வேலைக்காரங்க பாக்கறாங்க, எழுந்திரு!”

குருவி கொம்பின் மேலிருந்து கோப்பைப் பிரித்தது. “அண்ணே, இப்ப உங்க வீடு பாறைக்குக் கிழக்கே இருக்கு. அப்படின்னா பதினஞ்சாவது வார்டு. சொந்த வார்டுல குடியில்லாதவர் கவுன்சிலரா இருக்க முடியாதுன்னு விதி. பதினஞ்சு, பெண்கள் வார்டு வேற. அண்ணியைத்தான் நிக்க வைக்கணும்.”

அண்ணி நரி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்ததும்தான் நரியார் மந்தாகினியின் பக்கம் திரும்பினார்.

“உனக்கு என்னதான் வேணும்?” என்றார்.

“தண்ணி” என்றாள் மந்தாகினி.

ஐந்து வருஷமாக நிதி இல்லாத வாய்க்கால் அன்று பொழுது சாய்வதற்குள் தூர் வாரப்பட்டது. நரியாரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் இறங்கினார். ஓணான் கரையில் நின்று தலையாட்டினார். ஏரித் தண்ணீர் கலங்கலாக, நுரையோடு ஓடிவந்து குட்டையில் விழுந்தது. மந்தாகினி எழுந்து போய்க் கழுத்தளவு தண்ணீரில் படுத்தபோது, வெடித்த தோலில் ஏறிய அந்தக் குளிர்ச்சிக்கு அவள் கண் தானாக மூடிக்கொண்டது.

மறுநாள் நரியார் அவசரக் கூட்டம் கூட்டி, கரும்பாறையைப் பாதுகாக்கப்பட்ட எல்லைச் சின்னமாக அறிவித்தார். அவள் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் இடது பக்கம் 14, வலது பக்கம் 15 என்று எழுதினார்கள். கோடைதோறும் வாய்க்காலைத் தூர் வாருவதென்று தீர்மானம் போட்டார்கள். எல்லைச் சின்னம் தண்ணீர் இல்லாமல் எழுந்து நடந்துவிடக் கூடாதே!

கதை இங்கே முடிந்தால் நல்ல கதை. ஆனால் தேர்தல் வந்துவிட்டது.

வாக்குச்சாவடி வாசலில் நீண்ட வரிசை. மந்தாகினிக்கு ஆசை விடவில்லை. குளித்துவிட்டு வந்து, முயல்களுக்குப் பின்னால் நின்றாள். உள்ளே தேர்தல் வேலைக்குப் போட்டிருந்தது யாரை என்று நினைக்கிறீர்கள்? சர்வேயர் கொக்கைத்தான். வரிசை கிழக்கே ஓர் அடி நகர்ந்தது, அவளும் நகர்ந்தாள், முன்னால் நின்ற நான்கு முயல்களின் வளைகள் பதினைந்திலிருந்து பதினான்குக்கு மாறின. இன்னும் ஓர் அடி. ஒரு மயில் குடும்பமே வார்டு மாறியது. பட்டியலைத் திருத்தித் திருத்தி வியர்த்துப்போன கொக்கு வெளியே ஓடிவந்தார்.

“அம்மா, கால்ல விழறேன், நகராதீங்க. உங்களுக்கு ஓட்டுதானே வேணும்? இதோ படிவம். ‘நான் பாறை அல்ல, எருமை’ன்னு ஒரு உறுதிமொழி. குளம்பை வெச்சாப் போதும். இப்பவே பேரைச் சேத்து, மை வெச்சு விடறேன்.”

மந்தாகினி குளம்பைத் தூக்கினாள்.

“ஆனா ஒண்ணு” என்றார் கொக்கு. அவர் கெட்டவரில்லை, சொல்லிவிட்டுச் செய்கிறவர். “எருமை ஆயிட்டீங்கன்னா எல்லைல பாறை இல்ல. பாறை இல்லேன்னா குட்டை யாரோடதுன்னு பழைய கேள்வி வரும். அப்புறம் வாய்க்கால்…”

தூக்கிய குளம்பு அப்படியே நின்றது. மை பாட்டில் மேசையில் இருந்தது. முயல்கள் ஆளுக்கொரு நகத்தைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தன.  குருவியின் அலகிலும் மை இருந்தது.

மந்தாகினி குளம்பைத் தரையில் வைத்தாள். திரும்பி நடந்து, குட்டையில் இறங்கி, 14 மேற்கே இருக்கும்படி, 15 கிழக்கே இருக்கும்படி சரியாகப் படுத்தாள். ஓட்டுப்பெட்டி இருந்த திசையை ஒருமுறை பார்த்து, நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். குட்டைத் தண்ணீர் கரை வரை அலையடித்தது.

வாக்குச்சாவடியில் கொக்கு பேனாவை எடுத்து, பதினான்காவது வார்டின் வரலாற்றில் ஒரு வரி சேர்த்தார்: ‘வாக்குப்பதிவு அமைதியாக நடந்தது. லேசான நிலநடுக்கம்.’

நீதி: உயிருள்ளவர் மனு கொடுத்தால் ரசீது வரும், கல்லாகக் கிடந்தால் வாய்க்காலே தேடி வரும். ஆகவே குடிமக்களே, உங்கள் குறை தீர வேண்டுமானால், நீங்கள் உயிரோடு இருக்கிற விஷயத்தை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.