சாகப்போற மாமாவின் கல்நண்டுக் கறி

மட்டக்களப்பு வாவிக்கரையில் அதிக தடவை செத்தவர் எங்கள் பெண்கள் விடுதிச் சமையற்காரர்தான். கல்நண்டுக் காலம் வந்தால் வாரம் ஒருமுறையாவது சாவார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. முகத்துக்கு நேரே மாமா. முதுகுக்குப் பின்னால் சாகப்போற மாமா.

நான் வாகரைக் கடற்காரர் வீட்டுப் பெண். எங்கள் பரம்பரையில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நானே. கணக்குப் பரீட்சைக்கும் பயப்படாத நான், அந்த மனிதரின் பேச்சுக்குப் பயந்தேன்.

வாடைக்காற்று ஓய்ந்து கடல் தெளிந்ததும், பாறை இடுக்குகளில் பிடித்த கல்நண்டுகள் கூடையில் வந்து இறங்கும். நிலாக் காலத்து நண்டு வெறும் ஓடு என்று மாமா திருப்பி அனுப்பிவிடுவார். இருட்டுக் காலத்து நண்டைத்தான் வாங்குவார். கொடுக்கை உடைத்தால் உள்ளே வெள்ளைச் சதை திரண்டிருக்கும். முருங்கையிலை போட்டு அவர் கறி வைத்தால் வாசம் வகுப்பறைவரை வந்து எங்களை இழுக்கும்.

ஆனால் உடனே தின்ன முடியாது. முதல் கொடுக்கை அவர்தான் தின்பார். பிறகு அடுப்பில் ஒரு கொள்ளியைச் செருகிவிட்டு வாங்குப் பலகையில் உட்காருவார். அது எரிந்து முடியும்வரை யாரும் சட்டியைத் தொடக்கூடாது.

"நஞ்சு நண்டுக்கு நெத்தியில எழுதியா இருக்கு? பார்வைக்கு இதுகளோட கூடப்பிறந்தது மாதிரித்தான் இருக்கும். திண்டா முதல்ல உதடு விறைக்கும். மறுகா நாக்கு. மறுகா…" என்று நிறுத்தி, தன் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பார். எங்கள் கைகளும் எங்கள் நெஞ்சுக்குப் போகும்.

"கால் குளிருது புள்ள."

"ஈரத்துல நிண்டா குளிராதா மாமா?" என்பாள் என் தோழி பரிமளம். அவள் ஒருத்திதான் அவருக்குப் பயப்படாதவள்.

"கண் இருட்டுது."

"அடுப்புப் புகை மாமா."

"சிரி புள்ள, சிரி. நான் செத்தா சீனிப் பேணிய மட்டும் இறுக்கி மூடுங்க. எறும்பு வரும்."

கொள்ளி சாம்பலாகும். "இண்டைக்குத் தப்பிட்டன். கோப்பையக் கொண்டாங்க" என்று எழும்புவார்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம், கொள்ளி பாதிகூட எரியவில்லை. சோற்றுக் கோப்பைகளோடு வரிசையில் நின்றோம். மாமா பேசாமல் இருந்தார்.

"என்ன மாமா, இண்டைக்குக் கால் குளிரல்லியா?" என்றாள் பரிமளம்.

எல்லோரும் சிரித்தோம். அவர் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. வாயோரம் எச்சில் வழிந்தது. இன்னும் சிரித்தோம். நன்றாக நடிக்கிறார் என்றுதான் நினைத்தோம்.

மாமா சுவரைப் பிடித்து எழுந்தார். எங்களைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். அதை இழுத்துக்கொண்டு போய் முற்றத்து மணலில் கவிழ்த்தார்.

"விசரா உமக்கு?" என்று விடுதித் தலைவி ஓடிவந்தார்.

விடுதிப் பூனை கொட்டிய கறியை நோக்கி வந்தது. மாமா அகப்பையை ஓங்கினார். கை பாதியில் நின்றது. அப்படியே கறியின்மேல் குப்புற விழுந்தார். பூனைக்குக்கூட ஒரு துண்டு கிடைக்காதபடி விழுந்தார்.

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

மாட்டுவண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கண் திறந்திருந்தது, மூச்சு இருக்கிறதா என்று தெரியவில்லை. பரிமளம் வண்டியோடு ஓடினாள். "மாமா, ஏதாச்சும் சொல்லுங்க. கால் குளிருதெண்டு சொல்லுங்க மாமா. நான் சிரிக்க மாட்டன்."



சில நாள் கழித்துத்தான் எங்களைப் பார்க்க விட்டார்கள். நாக்குக்கு உணர்வு திரும்பியிருந்தது, பேச்சு கொஞ்சம் குழறியது. சாவைப் பற்றி ஆரம்பிப்பார் என்று காத்திருந்தோம்.

"அண்டைக்கு மத்தியானம் என்னத்தப் புள்ள திண்ட நீங்க?"

"வெறுஞ்சோறு மாமா" என்றேன்.

"ஒரு சம்பல்கூட இல்லாமலா?"

நான் இல்லையென்று தலையசைத்தேன். மாமா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, எங்களுக்குத் தெரியாது என்று நினைத்து அழுதார்.