தாரா அம்மனுக்கு ஒரு சாட்சி

“இது அம்மனா, பூக்கூடையா?” என்று கேட்டார் அதிகாரி சுபத்ரா மேடம், போட்டோவைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு.

காட்மாண்டு அருங்காட்சியகத்துக்குப் பூர்ணகாஜியின் ஆறாவது நடை இது. போட்டோ அவருடைய அம்மாவின் கல்யாணத்தில் எடுத்தது. பின்னால் மாலைக்கும் குங்குமத்துக்கும் நடுவே இரண்டு கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணுக்கு உரியவள் பக்கத்து அறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். தங்கமுலாம் பூசிய செம்புத் தாரா, வயது எழுநூறு. நாற்பத்தைந்து வருஷம் எங்கோ வெளிநாட்டு அருங்காட்சியகத்தில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் திரும்பியிருந்தாள்.

“லலித்பூர் கோயில் சிலைதான்னு நிரூபிங்க, கொண்டு போங்க” என்பது மேடத்தின் ஒரே பாட்டு.

பூர்ணகாஜிக்கு விட்டுவிட மனசில்லை. அந்தக் கோயிலுக்கு ஏழு வீட்டார் மாதம் ஒருவராகப் பூஜையும் காவலும் பார்க்கும் முறைக்காரர்கள். சிலை காணாமல் போனது அவருடைய அப்பா கேசரத்னனின் முறை மாதத்தில். அன்றிலிருந்து அது ‘அம்மனைத் தொலைத்த வீடு’. கோயில் விருந்தில் அப்பாவுக்குச் செருப்பு விடும் இடத்தில் கடைசி இலை. பாவம் மனுஷன், அங்கேயே தலை நிமிராமல் தின்று செத்தும் போனார். இப்போது அந்த இலை மகனுக்கு. அம்மனை மீட்டு வந்தால் அப்பா பேரில் ஒட்டிய களங்கம் போய்விடும் என்று நம்பினார்.

“வலது முட்டியில ஒரு சொட்டை இருக்கும் மேடம். விளக்கு விழுந்தது.”

மேடம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “வழவழன்னு இருக்கு.”

“அங்கே தட்டிச் சரிபண்ணியிருப்பாங்க.”

“நீங்க சொன்ன அடையாளம் சிலையில இல்லைன்னு எழுதிக்கறேன்.”

போட்டோவும் போச்சு, சொட்டையும் போச்சு. மறுநாள் சாட்சிக்கு ஹீராமானை இழுத்து வந்தார். ஏழு வீட்டாரில் மூத்தவர், எண்பத்திரண்டு வயது. “பழசைக் கிளறாதேடா” என்று பஸ்ஸில் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தார்.

கண்ணாடிப் பெட்டியை ஒரே பார்வை பார்த்தார் ஹீராமான். “இவ நம்மாளு இல்லை. நம்ம தாரா நல்லா பூசினாப்புல இருப்பா. இது ஒல்லிக்குச்சி.”

“பெரியப்பா, செம்பு எப்படி இளைக்கும்?”

“வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துக்கலையோ என்னமோ. வா, போலாம்.”

“உங்க சாட்சியே இல்லைங்கறாரே. இனிமே இது பொய்க் கோரிக்கை” என்று மேடம் அதற்கான முத்திரையைத் தேட ஆரம்பித்தார்.

பூர்ணகாஜி கெஞ்சினார். “அங்கேருந்து சிலையோட வந்த காகிதத்துல ஏதாவது இருக்கான்னு பாருங்க மேடம். ஒரே ஒரு தடவை.”

“நேவாரி எழுத்துல ஒண்ணு கிடக்கு. எனக்குப் படிக்க வராது.” மேடம் பியூன் திர்கமானைக் கூப்பிட்டார். அவர் பக்தபூர் நேவார் இனத்தவர், அந்தப் பழைய எழுத்து படிக்கத் தெரிந்தவர். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் படித்தார். ஹீராமான் கைத்தடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

“லலித்பூர் சிலையேதான் மேடம், சந்தேகமே இல்லை. ‘கேசரத்னன் ஒத்துக்க மாட்டான், அவன் முறை மாசத்துல வந்து எடுத்துக்கோங்க’ன்னு எழுதி, மத்த ஆறு வீட்டுக்காரங்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க. இதுல முதல்ல போட்டிருக்கற ஹீராமான்ங்கறது யாருங்க?”