தளபதிக்குப் பிடிக்காத கப்பல்

"கல்தூண், உங்க கப்பல் ரொம்ப கனம். சரி பண்ணுங்க" என்று திரையில் தளபதியின் கட்டளை வந்து விழுந்தது.

மேஸ்திரிக்கு வியர்த்துவிட்டது. எத்தனையோ வீடு கட்டியவர். ஒருவரும் இப்படிக் குறை சொன்னதில்லை. ஆனால் இது விண்வெளிப் போர் விளையாட்டு. கல்தூண் என்பது அவருடைய புனைபெயர். தளபதி அவர் பெற்ற மகள்.

தன்னைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டாள் என்று அவளோடு பேச்சை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. அவள் இங்கே ஒரு படை நடத்துவதாக மனைவி வாய்தவறிச் சொன்னதும், ஓசைப்படாமல் வந்து சேர்ந்துவிட்டார். யாரென்று தெரிந்தால் படையை விட்டே தூக்கிவிடுவாள் என்ற பயம் வேறு.

"சரிங்க தளபதி" என்று பணிவாகத் தட்டினார்.

"போன்ல பேச ரோஷம். ஆகாசத்துல கப்பல் கட்ட மட்டும் வெக்கமில்ல" என்றாள் மனைவி. "அது சரி, போர்க்கப்பலுக்குள்ள எதுக்குங்க மாடிப்படி? அதுக்கு ரெண்டு கைப்பிடி?"

"ஒண்ணு பெரியவங்களுக்கு. கீழ இருக்கறது குழந்தைங்களுக்கு. சும்மா இருடி, வேலையா இருக்கேன்."

மகள் சின்ன வயதில் படியில் உருண்டதிலிருந்து, அவர் எதைக் கட்டினாலும் அந்தக் குட்டிக் கைப்பிடி இருக்கும்.

சுவரை மெல்லிசாக்கினார்.

"ஒரு அடி தாங்காதே!" என்றாள் தளபதி.

இரட்டைச் சுவர் எழுப்பி, இழுக்க இன்னொரு இன்ஜினும் வைத்தார்.

"எரிபொருளை எங்க வைப்பீங்க?"

பீரங்கியைக் கழற்றிவிட்டுத் தொட்டி கட்டினார்.

"இது போர்க்கப்பலா, தண்ணி லாரியா?"

போர் வந்தது. எதிரியின் முதல் குண்டிலேயே தொட்டி வெடித்து, பக்கத்திலிருந்த நம் கப்பல்களும் சேர்ந்து எரிந்தன. படை முழுவதும் கல்தூணைக் கழுவிக் கழுவி ஊற்றியது. மகளோடு பேச இருந்த ஒரே வழியையும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டோமே என்று மேஸ்திரிக்கு அழுகை வந்தது.

"மன்னிச்சிடுங்க தளபதி. நான் விலகிக்கிறேன்."

பதிலுக்குப் போன்தான் அடித்தது. எடுத்தால், அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத மாப்பிள்ளை.

"மாமா, போயிடாதீங்க. இங்க அவ அழுதுக்கிட்டிருக்கா."

"எங்க போறேன்? நீங்க யாரையோ நினைச்சுக்கிட்டு..."

"குட்டிக் கைப்பிடியப் பாத்த அன்னிக்கே அவளுக்குத் தெரியும் மாமா. உங்க மொதக் கப்பல்ல ஒரு குறையும் இல்ல. நல்லாருக்குன்னு சொல்லிட்டா அப்பாகிட்டப் பேச வேற சாக்கு ஏதுன்னுதான் குறை சொல்லிக்கிட்டே இருந்தா."