ஒட்டியாணத்துக்கான அடிபாடு

உலகத்தில் எத்தனையோ கோடிப் பேர் மல்யுத்தம் பார்க்கிறார்கள். ஆனால் அதை ஒழுங்காகப் பார்க்கத் தெரிந்த ஒரேயொரு மனிதர் நீர்வேலியில், வாழைத்தோட்டத்துக்குப் பின்னால் உள்ள ஓட்டு வீட்டில் இருக்கிறார். மற்றவர்கள் எல்லோரும் யார் வென்றது என்று தெரிந்ததும் எழுந்து போய்விடுகிற ஆட்கள். இவரோ ஒரே போட்டியை முப்பது வருடமாக, யார் வென்றது என்று தெரியாமலே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயர் வாக்காளர் பட்டியலில் இருக்கும். ஊருக்கு அவர் டெக்கர். வீடியோ டெக்கைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் படம் காட்டிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. டெக்கின் காலம் முடிந்து இப்போது அவர் வாழைக்குலை வெட்டுகிறார். பெயரை மட்டும் ஒருவரும் வெட்டவில்லை.

நான் மாற்றலாகிப் போய் அவருடைய பக்கத்து வீட்டில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். குடிபோன இரண்டாம் நாளே வேலிக்கு மேலால் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"பிள்ளை, வாற ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எங்கடை வீட்டிலை அடிபாடு. கட்டாயம் வாங்கோ."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கலியாணத்துக்கு அழைப்பார்கள், குடிபூரலுக்கு அழைப்பார்கள். அடிபாட்டுக்கு நாள் வைத்து அயலட்டையை அழைக்கிற ஊரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஆருக்கும் ஆருக்கும் அண்ணை?"

"ஆலமரத்துக்கும் பச்சைச் சால்வைக்கும்."

ஆலமரம் என்றதும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. "எல்லைப் பிரச்சினையோ அண்ணை? மரம் ஆற்றை காணிக்குள்ளை நிக்குது?"

"காணியிலை ஒரு பிரச்சினையும் இல்லைப் பிள்ளை. பிரச்சினை ஒட்டியாணத்திலை."

சீதனச் சண்டை என்று முடிவுகட்டினேன். போகாமல் விட்டால் பக்கத்து வீட்டுக்காரரைப் பகைக்க வேண்டும்; போனால் சாட்சியாக இழுப்பார்கள். நான் விழிப்பதைப் பார்த்து அவருடைய மனைவி மகேசக்கா கிணற்றடியிலிருந்து குரல் கொடுத்தார். "பயப்பிடாதையுங்கோ தங்கச்சி, உது ரீவியிலை அடிபடுற ஆக்கள். நீங்கள் வாங்கோ, புட்டு இருக்கு."

வெளிநாட்டில் அந்தக் காலத்தில் பெரிய மல்யுத்தப் போட்டிகளைத் தனியாகக் கட்டணம் கட்டியவர்களுக்கு மட்டும்தான் தொலைக்காட்சியில் காட்டுவார்கள். ரொறன்ரோவில் இருந்த டெக்கரின் மச்சான், அதாவது அவருடைய தங்கையின் கணவர், ஒவ்வொரு போட்டியையும் பதிவுசெய்து யாராவது ஊருக்கு வந்தால் கொடுத்துவிடுவார். அப்படி வந்து சேர்ந்தவை பத்தொன்பது கொப்பிகள். வீடியோ கசெற்றை எங்கள் ஆட்கள் கொப்பி என்றுதான் சொல்வார்கள். மகேசக்காவின் கூறைச் சேலைக்கு அலுமாரியில் கீழ்த் தட்டு. கொப்பிகளுக்கு மேல் தட்டு. ஈரம் பிடிக்காமல் இருக்க இடையிடையே அரிசிப் பொட்டலம்.

டெக்கருக்கு ஆங்கிலப் பெயர்கள் ஆகாது. போட்டிகளுக்கெல்லாம் கோயில் திருவிழாக்களின் பெயர்களை வைத்திருந்தார். முப்பது பேர் ஒரே மேடையில் ஏறி ஒருவரையொருவர் கயிற்றுக்கு வெளியே தூக்கி எறிவது வேட்டைத் திருவிழா. கோடையில் நடப்பது சப்பறம். வருடத்தின் மிகப் பெரிய போட்டி தேர். மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் முழுகி, திருநீறு பூசி, அந்தந்த மாதத்துக்குரிய கொப்பியை எடுப்பார்; அது முடிய, எந்த மாதமென்றாலும் தேர்க் கொப்பியும் ஓடும். விறாந்தையில் இருபது முப்பது பேர் கூடிவிடுவார்கள். போட்டி தொடங்குமுன் பதிவாகிவிட்ட விளம்பரங்களைக்கூட முன்னுக்கு ஓட்டிவிட மாட்டார். முப்பது வருடத்துக்கு முந்திய கனடாச் சவர்க்காரங்களின் விலை நீர்வேலியில் எல்லோருக்கும் மனப்பாடம்.

மல்யுத்தம் என்றால் நாடகம், யார் வெல்வது என்று முன்னமே பேசி வைத்துக்கொள்கிறார்கள் என்று படித்த பெருமையில் நான் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். டெக்கர் கோபிக்கவில்லை. "சூரன்போரும் முன்னமே பேசி வைச்சதுதானே பிள்ளை. நீங்கள் பாக்கிறேல்லையோ?" என்றார்.

அவர் பார்க்கும் அழகே அழகு. மத்தியஸ்தர் அந்தப் பக்கம் திரும்பி நிற்பார். பின்னாலிருந்து ஒருவன் மடக்குக் கதிரையை ஓங்கிக்கொண்டு வருவான். டெக்கர் எழும்பிவிடுவார்.

"டேய் தம்பி, பின்னாலை பாரடா! உவன் கதிரையோடை வாறான்!"

தம்பி பார்க்கமாட்டான். கதிரை முதுகில் விழும்.

சங்கக்கடை மனேச்சர் ஒருவர், டெக்கருக்குப் பக்கத்துக் கதிரையில் நிரந்தரமாக இருப்பவர், ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார். "அண்ணை, இது பழைய கொப்பி. நீங்கள் எத்தினை தரம் கத்தினாலும் அவன் திரும்பான் எல்லோ?"

"நான் தனியக் கத்தினால் அவனுக்கு எப்பிடிக் கேக்கும்? நீர் வாயை மூடிக்கொண்டு இருக்கிறீர். எல்லாருமாக் கத்தினால் திரும்புவான்."

அடுத்த மாதம் விறாந்தை முழுவதும் சேர்ந்து கத்தியது. நானும் கத்தினேன். அவன் திரும்பவில்லை. ஆனால் கதிரை விழுவதற்கு முன் அரை விநாடி தயங்கினான் என்று டெக்கர் சத்தியம் செய்தார். அது எனக்கும் தெரிந்தது போலத்தான் இருந்தது.

இனி அந்தத் தேர்ப் போட்டிக்கு வருகிறேன். ஆலமரம் என்பவர் கதவுக்குள் நுழையாத உடம்புக்காரர். பச்சைச் சால்வை மெலிந்த மனிதர், சால்வையைச் சுழற்றிக்கொண்டு மேடைக்கு வருவார். வெல்கிறவருக்குத் தங்கத்தில் பெரிய இடுப்புப் பட்டி கொடுப்பார்கள். அதைத்தான் டெக்கர் ஒட்டியாணம் என்பார். அரை மணித்தியாலம் அடி வாங்கிய பச்சைச் சால்வை, கடைசியில் எங்கிருந்தோ பலம் வந்து ஆலமரத்தைத் தலைக்கு மேல் தூக்குவார். முழங்கால் நடுங்கும். மைதானம் எழுந்து நிற்கும். படம் ஒருமுறை துள்ளும்.

துள்ளி முடிந்ததும் திரையில் பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி நிற்பாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, மூஞ்சியில் கடுகடுப்பு, இடுப்பில் தங்க ஒட்டியாணம்.

நடந்தது இதுதான். மச்சானின் மகள் வதனிக்கு ஒரு மண்டபத்தில் சாமத்திய வீடு, அதாவது பெரியபிள்ளையான சடங்கு. அவசரத்தில் வெறும் கொப்பி என்று நினைத்து, டெக்கருக்கு அனுப்ப வைத்திருந்த கொப்பியைக் கமராவுக்குள் போட்டுவிட்டார்கள். சில நிமிடங்கள் போன பிறகுதான் கண்டுபிடித்து மாற்றியிருக்கிறார்கள். கடைசி அடி எதுவோ, அது அந்த மண்டபத்துக்குக் கீழே போய்விட்டது.

ஆனால் விறாந்தைக்கு இதில் ஒரு குழப்பமும் இல்லை. சண்டை ஒட்டியாணத்துக்கு. அடுத்த காட்சியில் ஒட்டியாணம் யாருடைய இடுப்பில்? "சம்பியன்!" என்று கத்துவார்கள், விசிலடிப்பார்கள். திரையில் கோட்டும் ரையும் போட்ட ஒருவர் தேங்காய் உடைக்க வருவார். மண்டபம் முழுவதும் கம்பளம். அவர் ஓங்கி அடிக்க, தேங்காய் உடையாமல் துள்ளி ஒரு கதிரைக்குக் கீழே உருண்டு போகும். அதே நேரத்தில் டெக்கர் வாசற்படியில் ஒரு தேங்காயை ஒரே அடியில் இரண்டாகப் பிளப்பார். அந்தத் தேங்காயில் மகேசக்கா சம்பல் இடிப்பார். வெற்றிக்காக உடைக்கிற தேங்காய் என்றுதான் மூன்று வருடமும் நினைத்துக்கொண்டு நான் சம்பல் சாப்பிட்டேன்.

உண்மையில் யார் வென்றது என்பது இன்றைக்குக் கைபேசியைத் தட்டினால் வந்துவிடும். நான் முதல் நாளே தட்டிப் பார்த்துவிட்டேன். ஊரில் எல்லோரும் தட்டிப் பார்த்தவர்கள்தான். டெக்கரிடம் மட்டும் ஒருவரும் மூச்சுவிடவில்லை. மனேச்சர் ஒருமுறை வாய்தவறி "கடைசியிலை அவன்..." என்று தொடங்க, டெக்கர் இரண்டு மாதம் பக்கத்து ஊரில் போய்ச் சீனி வாங்கினார். "அவன் இன்னும் தூக்கிக்கொண்டு நிக்கிறான். நீங்கள் ஏன் விழுத்தப் பாக்கிறியள்?" என்பது அவருடைய கேள்வி.

எல்லாம் இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, திருவிழாக் காலத்தில் வதனி கனடாவிலிருந்து வந்தாள். நாற்பது தாண்டியவள். நீர்வேலிக்கு வருவது அதுதான் முதல் முறை. ஒழுங்கையில் கார் நின்றதுமே ஆட்கள் படலையடிக்கு வந்து கைதட்டினார்கள். "சம்பியன் வந்திட்டா!" கனடாவிலிருந்து வருகிற எல்லோருக்கும் ஊரில் இப்படித்தான் மரியாதை என்று நினைத்து அவளும் கையசைத்தாள்.

வந்த அன்றே மாமனுக்கு அவள் ஒரு சின்னப் பொருளை நீட்டினாள். பென் டிரைவ்.

"மாமா, எங்களாலைதானே உங்கடை மட்ச் பழுதாப் போனது. அப்பா சாகுமட்டும் அதைச் சொல்லிக் கவலைப்பட்டவர். முழுசா எடுத்துக்கொண்டு வந்திருக்கிறன். கடைசியிலை ஆர் வெண்டதெண்டால்..."

அந்த நேரத்தில் நீர்வேலிக்கு இருமல் வந்தது. மனேச்சர் இருமினார், நான் இருமினேன். மகேசக்கா ஓடிப்போய்த் தண்ணீர் மோட்டாரைப் போட்டார்.

டெக்கரின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது. மருமகள் முதன்முதலாக வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள் கொண்டுவந்ததை வேண்டாம் என்று எந்த மாமனால் சொல்ல முடியும்? "ஓம் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை போடுவம்" என்றார். பல்லுப் பிடுங்க நாள் குறித்த மாதிரி இருந்தது குரல்.

ஞாயிற்றுக்கிழமை விறாந்தை கொள்ளவில்லை. வதனி பென் டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு எழும்ப, மனேச்சர் "கரண்ட் போகும் போலை கிடக்கு" என்றார். கரண்ட் போகவில்லை. கடைசியில் நான்தான் துணிந்து சொன்னேன். "முதல் பழசைப் பாப்பம் தங்கச்சி. பேந்து புதுசைப் போடலாம்."

டெக்கர் என்னைப் பார்த்த பார்வையை நான் இந்தப் பிறவியில் மறக்கமாட்டேன்.

கொப்பி ஓடியது. ஆலமரம் அடித்தது, பச்சைச் சால்வை விழுந்தது, எழுந்தது, தூக்கியது. டெக்கர் தேங்காயுடன் வாசற்படிக்குப் போனார். படம் துள்ளியது.

விறாந்தை கூரை பறக்கக் கத்தியது. "சம்பியன்! சம்பியன்!"

வதனி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ மாமா! இதை எத்தினை பேருக்குக் காட்டினனீங்கள்?"

"முழு நீர்வேலிக்கும்" என்றார் மனேச்சர் பெருமையாக. "உரும்பிராயிலை இருந்தும் சில பேர் வந்து பாத்தவை."

விரல் இடுக்கால் அவள் திரையைப் பார்த்தாள். "எங்கடை வீட்டுக் கொப்பியிலை இந்தத் துண்டு இல்லை. நான் இதைக் கண்டதேயில்லை" என்றாள். கோட்டுக்காரரின் தேங்காய் கதிரைக்குக் கீழே உருண்டது. வாசலில் டெக்கரின் தேங்காய் பிளந்தது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள்.

"மாமா, என்னத்துக்குத் தேங்காய் உடைக்கிறியள்?"

டெக்கர் இரண்டு பாதியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "உவன் ஆரோ உங்கடை மாடியிலை இருந்த பெடியன். உவனுக்குத் தேங்காய் உடைக்கத் தெரியேல்லைப் பிள்ளை. அது தாய்மாமன்ரை வேலை எல்லோ. அப்ப சண்டையிலை பாதை பூட்டிக் கிடந்தது, என்னாலை வரேலாமல் போச்சுது. இஞ்சை இருந்து உடைச்சால் சரிதானே எண்டு..."

எங்கள் சடங்கில் தேங்காய் உடைப்பது தாய்மாமன்தான் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். மூன்று வருடம் சம்பல் சாப்பிட்ட எனக்கும் தெரியும். ஒருவருக்கும் அது தோன்றவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

வதனி பென் டிரைவைக் கைப்பைக்குள் போட்டு மூடினாள்.

"உதிலை ஒண்டும் இல்லை மாமா. பழுதாப் போச்சுது. இதையே இன்னொருக்காப் போடுங்கோ" என்றாள்.

மகேசக்கா கேட்காமலே இன்னொரு தேங்காய் கொண்டுவந்து கொடுத்தார். கொப்பியைப் பின்னுக்கு ஓட்டினார்கள். டெக்கர் இடையில் நிறுத்திப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். படம் துள்ளியபோது வதனி எழுந்து போய் வாசற்படியில், மாமனுக்கு முன்னால் நின்றாள். ஜீன்ஸும் சேர்ட்டும்தான். ஆனால் திரையில் நின்ற பிள்ளையின் அதே முகம், கடுகடுப்பு மட்டும் இல்லை.

முப்பது வருடமாக ஒரே அடியில் உடைத்த டெக்கருக்கு அன்றைக்கு மூன்று அடி தேவைப்பட்டது. முதல் இரண்டும் கல்லில் வழுக்கிப் போயின. கனடாப் பெடியனைப் பற்றி அதன் பிறகு அவர் குறை சொல்வதில்லை என்று கேள்வி.

நான் இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். என் கைபேசியில் அந்தப் போட்டியின் முடிவு இன்னும் கிடக்கிறது, வேறு யாரோ வென்றதாக. கைபேசிக்கு என்ன தெரியும்? மாதக் கடைசி ஞாயிறு பின்னேரம் என்னைத் தேடி யாராவது வந்தால் வீடு பூட்டியிருக்கும். தேங்காய் ஒன்றும் வாங்கிக்கொண்டு நான் அடிபாட்டுக்குப் போயிருப்பேன்.