ஒட்டகம் உரசாத சந்து

கம்பு குறுக்கே நுழையவில்லை.

ஷேர்ஸாத் அதைச் சாய்த்தான். நுழைந்தது. நேராக்கினான். ஒரு முனை அவனுடைய ரொட்டிக்கடைச் சுவரில் முட்டியது. மறுமுனை எதிர்வீட்டுச் சாயக்காரன் காபூஸின் சுவரில். சுமை ஒட்டகத்தின் அகலத்துக்கு வெட்டிய கம்பு அது. சந்து அதற்கு ஒன்றரைச் சாண் குறைந்தது.

"கம்பைக் கொஞ்சம் வெட்டிடுங்க. அளவு சரியாயிரும்," என்றாள் மனைவி நிகார். வாசலில் மாவுக் கையோடு நின்றிருந்தாள்.

"வியாழக்கிழமை வர்ற ஒட்டகத்தையும் வெட்டிடுவியா?"

அன்று திங்கள். நவ்கத் நகரம் அந்த வருஷம் பெருத்துக்கொண்டிருந்தது. மேற்கே புது மதில், அதில் புது வாசல். அதிகாரிகளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வியாழனன்று தெரு அதிகாரி சுமை ஒட்டகத்தோடு எல்லாச் சந்துக்கும் வருகிறார் என்று காலையில் தண்டோரா போட்டார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை. ஒட்டகத்தின் இருபுறமும் முள்கட்டு தொங்கும். முள் எந்தச் சுவரைக் கீறுகிறதோ, மறுநாள் அந்தச் சுவரைத் தேடிக் கடப்பாரை வரும்.

ஷேர்ஸாதின் அப்பா காலத்தில் வந்த கடப்பாரை சுவரோடு நிற்கவில்லை. சுவரை ஒட்டியிருந்த தந்தூர் அடுப்பையும் பிளந்துவிட்டுப் போனது. ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் குடும்பம் அடுத்தவன் சுட்ட ரொட்டியைத் தின்றது. ரொட்டிக்காரன் வீட்டில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

"அந்த அதிகாரியோட கடப்பாரை என் அடுப்புப் பக்கம் வராது. ஒரு செங்கல்லைக்கூட அவனை இடிக்க விடமாட்டேன்."

"பின்ன என்ன செய்யப் போறீங்க?"

"நானே இடிச்சுடுவேன்."

சுவர் ஒரு காலத்தில் ஒல்லியாகத்தான் இருந்தது. வசந்தம்தோறும் பழைய பூச்சின் மேலேயே புதுக் களிமண் பூசுவார்கள், சுரண்டுகிறவர் யாருமில்லை. வருஷத்துக்கு ஒரு விரற்கடை. முப்பது வருஷத்தில் வீடு சத்தமில்லாமல் சந்துக்குள் நடந்து வந்துவிட்டது. எதிர்வீடும் சும்மா இருக்கவில்லை.

ஷேர்ஸாத் சுரண்டினான். மதியத்துக்குள் முப்பது வருஷமும் மொத்தமாகக் கழன்று விழுந்தது. கூடவே ஆறு வரிசைச் செங்கல்லும் விழுந்தது. மண்ணைச் சந்திலேயே பரப்பி மிதித்தான்.

காபூஸ் நீலக் கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தான்.

"யோவ், தரையை ஒரு முழம் ஏத்திட்டியே. ஒட்டகமும் ஒரு முழம் ஏறும்ல?"

"ஏறட்டும். உனக்கென்ன?"

"எனக்கொண்ணுமில்ல. அண்ணாந்து பாரு."

ஷேர்ஸாத் அண்ணாந்து பார்த்தான். மாடி அறை சந்தின் மேல் நீட்டிக்கொண்டிருந்தது.

செவ்வாயன்று நீட்டிக்கொண்டிருந்த பகுதியை அறுத்தான். மீதி அறை சாய்ந்தது. அதற்கு ஒரு முட்டுக்கட்டை கொடுத்தான். முட்டுக்கட்டை சந்தின் நடுவில் நின்றது.

"ஒட்டகத்துக்குக் கல்யாணமா? பந்தக்கால் நட்டிருக்கீங்க," என்றாள் நிகார்.

முட்டுக்கட்டையை எடுத்தான். மாடி அறை கீழே வந்தது.

"நானே இறக்கலாம்னுதான் இருந்தேன்," என்றான் புழுதிக்குள்ளிருந்து.

நிகார் படுக்கையை உதறி முற்றத்துக்குத் தூக்கிப் போனாள். "நேத்து மாடி. இன்னிக்கு முற்றம். நாளைக்கு எங்க படுக்கணும்னு இப்பவே சொல்லிடுங்க, ஒரேடியாப் போயிடுறேன்."

புதன்கிழமை காலையில் எதிர்ப்புறம் சம்மட்டிச் சத்தம் கேட்டது. காபூஸ் தன் சுவரை இடித்துக்கொண்டிருந்தான்.

"என்னய்யா, அதிகாரிக்குப் பயந்துட்டியா?"

"பயமா? உன் பக்கம் சுவரே இல்லன்னா முள்ளு என்னைத்தானே கீறும்? என் சுவரை நான் இடிக்கிறேன், எவன் கேக்கறது? நீ எத்தனை சாண்?"

"மூணு."

"அப்ப நான் நாலு."

"நாலா? சாயக்காரன் நாலு எடுத்தா ரொட்டிக்காரன் அஞ்சு எடுக்க மாட்டானா?"

மற்ற வீடுகளுக்கும் ரோஷம் வந்தது. குயவன் தன் வாசற்படியைப் பெயர்த்தான். செருப்புத் தைப்பவன் கடையைப் பாதியாக்கினான். அதிகாரிக்கு ஒரு செங்கல்கூடக் கிடைக்கக்கூடாது என்பதில் சந்து முழுக்க ஒரே மனதாக இருந்தது. சாயங்காலம் பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அங்கே பந்தடித்தார்கள். அதுவரை அந்தச் சந்தில் இரண்டு பேர் சண்டை போடவே இடம் போதாமல் இருந்தது.

வியாழன் வந்தது. ரொட்டிக்கடைக்கு முன்சுவர் இல்லை, கூரை இல்லை. தந்தூர் மட்டும் வெட்டவெளியில் முழுசாக, சூடாக உட்கார்ந்திருந்தது.

தெரு அதிகாரி அபூநஸ்ர் கழுதையில் வந்தார். பின்னால் எழுத்தர். அவர் பின்னால் ஒட்டகத்தைப் பிடித்தபடி துருக்மேன்காரன் தொகான். ஒட்டகம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்தது. முள் எதையும் தொடவில்லை. நடுவில் ஒட்டகம் தானாக ஒரு வட்டம் போட்டுத் திரும்பி வேறு பார்த்தது.

ஷேர்ஸாத் கைகளைக் கட்டிக்கொண்டு அடுப்பின் முன்னால் நின்றான்.

"என்னங்க ஐயா, கீறல் தேடுறீங்களா? நல்லாத் தேடுங்க. எங்க ஆறேழு வீட்லயும் உங்களுக்கு இடிக்க ஒண்ணும் கிடையாது. ஆளுங்களைத் திருப்பி அனுப்பிடுங்க."

அதிகாரி கழுதையிலிருந்து இறங்கி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இந்த ஊர்ல இப்படி ஒரு சந்து இருக்கும்னு நான் நினைக்கவே இல்லப்பா."

எழுத்தர் சந்தின் பெயரைப் பெரிதாக எழுதிக்கொண்டார். போய்விட்டார்கள்.

"பாத்தியா? இடிக்கணும்னு வாயைத் திறந்தானா?" என்றான் ஷேர்ஸாத். நிகார் கூரை இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொகான் பின்தங்கி வந்து இரண்டு ரொட்டி கேட்டான். ஷேர்ஸாத் நான்கு கொடுத்தான்.

"இன்னிக்கு இனாம். சாப்பிடு. மத்த சந்துலயெல்லாம் முள்ளு கீறிச்சா?"

"பதினோரு சந்து. எல்லாத்துலயும் ஒட்டகம் மாட்டிக்கிச்சு."

"பாவம். அங்கெல்லாம் எப்ப இடிக்கிறாங்க?"

தொகான் வாயிலிருந்த ரொட்டியை நிதானமாக மென்று விழுங்கினான்.

"அவ்வளவு சுவரை யாருண்ணே இடிப்பா, அந்தச் சந்தெல்லாம் வேணாம்னு அதிகாரி விட்டுட்டாரு, புது வாசல்லேருந்து மசூதிக்குப் போடுற பெரிய பாதை இந்தச் சந்து வழியாத்தான், அதுக்கு நீங்கதான் பாதி இடிச்சுக் கொடுத்துட்டீங்களே, மீதியைச் சனிக்கிழமை அவங்க வந்து இடிச்சுக்குவாங்க."