சில்லுவீட்டு மாமாவின் லைட் மெசின்

இலங்கைத் தீவில் தன் வீட்டுக்கு ஹோர்ன் பூட்டியிருந்த ஒரே மனிதர் எங்கள் சில்லுவீட்டு மாமாதான். சந்தேகப்படுகிறவர்கள் கல்முனைக்கு வந்து விசாரிக்கலாம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மகளைக் கட்டிக்கொடுத்தால் வீட்டையும் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் ஒதுங்கவேண்டும். மாமாவுக்கு மூன்று மகள்மார். இரண்டு வீடு போய்விட்டது. மிஞ்சியது கடைக்குட்டி பரீதாவின் வீடு. மாமா என்ன செய்தார்? கழித்துப்போட்ட பஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்தார். சீட்டுகளைக் கழற்றிக் கட்டில் போட்டார், குசினி கட்டினார், பரீதாவின் வளவு மூலையில் கொண்டுவந்து நிறுத்தினார். சக்கரம் வைத்த வீடு என்பதால் ஊர் அதைச் சில்லுவீடு என்றது.

"மருமகன்ட ஊட்டுல மாமனார் இருமினாலும் குத்தம்டா மனே. என்ர ஊட்டுல நான் ஹோர்னும் அடிப்பன்."

பழகிக்கொள்ளவேண்டுமென்று கல்யாணப் பேச்சு வருமுன்பே பஸ்ஸில் குடியேறிவிட்டார். மாமிதான் மகளுக்கும் புருஷனுக்கும் நடுவே சோற்றுப் பானையோடு நடந்தார். சோறு ஆனதும் மாமி பஸ்ஸின் கண்டக்டர் மணியை ஒருதரம் அடிப்பார். மாமா வந்து நிற்பார். இரண்டுதரம் அடித்தால் மாமிக்குக் கோபம். பஸ் சட்டப்படி மாமா நிற்காமல் போய்விடுவார். அறுவடைக்கு வயல் வட்டைக்குப் போகும்போது வீட்டோடு போவார். வழியில் கைகாட்டி மறிக்கிறவர்களிடம், "இது ஊடு, ஏற ஏலாது" என்று தலையை நீட்டிச் சொல்வார்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பொத்துவிலில் கரைவலை இழுத்து, சம்மாந்துறையில் நெல் சூடடித்து, அந்த வருஷம் கல்முனையில் வந்து நின்றிருந்தேன். பஸ்ஸின் முன்சில்லுக்குப் பக்கத்தில் சாக்கு விரித்துப் படுப்பேன். மாமி சோறு தந்தார். மாமா வேலை தந்தார்.

பஸ்ஸின் பெருமையெல்லாம் பின்பக்கப் பலகைக்கு அடியில் இருந்தது. கல்யாண வீடுகளுக்கு லைட் போடுகிற ஒருவர் கைவிட்ட, கறண்ட் எடுக்கிற மெசினை வாங்கி, உயிர் கொடுத்து, அங்கே பூட்டியிருந்தார். எழுபத்தெட்டுச் சூறாவளிக்கு மறுவருஷம் அது. விழுந்த கறண்ட் கம்பங்கள் பெரிய தெருவில் எழும்பிவிட்டன. எங்கள் ஒழுங்கையில் எழும்பவில்லை. மாலையானால் மாமா கயிற்றை இழுப்பார். மெசின் இருமும், துப்பும், பிறகு பாடும். பஸ்ஸில் மூன்று பல்ப் எரியும். ஒழுங்கையே வந்து நின்று பார்க்கும். மாமா யாரையும் பார்க்காதவர்போல் பேப்பர் வாசிப்பார்.

அப்போதுதான் பரீதாவுக்கு அட்டாளைச்சேனைப் பக்கத்து வாத்தியார் ஒருவரைப் பேசினார்கள். மாப்பிள்ளையின் உம்மா வந்து கதவு, ஜன்னல், கிணறு எல்லாம் பார்த்துவிட்டு முகட்டைப் பார்த்தார்.

"ஊட்டுக்கு லைட் இல்லியா ராத்தா? என்ர மகன் ராவைக்குக் கொப்பி திருத்துறவன். லாம்புல கண் கெட்டுப் போயிரும்."

மாமி வாய் திறக்குமுன் மாமா பஸ்ஸிலிருந்து ஒரு வயரை இழுத்துவந்து வீட்டின் நடுச்சாலைக் கூடத்தில் பல்பை எரித்துக் காட்டினார். அந்த அம்மா அசரவில்லை.

"ஓம், எரியுது. பஸ் வட்டைக்குப் போனா?"

மாமா வயரைச் சுருட்டத் தொடங்கினார். "நாள் வைக்க வரக்குள்ள ஊட்டுக்கெண்டு ஒரு லைட் இரிக்கணும்; இல்லாட்டி வேற இடம் பாக்கிறம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பத்து நாள் இருந்தது.

மெசினைத் தருகிறேன் என்று மாமா சொன்னதும் பரீதா ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் இருட்டுல கிடக்க எனக்கு லைட்டும் வேணாம், மாப்பிள்ளையும் வேணாம்." அவள் தகப்பனுக்குப் பிறந்தவள். சொன்னால் சொன்னதுதான்.

மாமா இரண்டு நாள் வீட்டுக்குப் பின்னால் தென்னங்கிடுகும் கையுமாகத் திரிந்தார். மூன்றாம் நாள் மெசினில் காதை வைத்துக் கேட்டு, வளவெல்லாம் கேட்கச் சத்தம் போட்டார். "நெஞ்சு அடைக்குது! கழட்டிச் சேவிஸ் பண்ணாட்டி மவுத்தாப் போயிரும்!"

அது முந்தினநாள் நன்றாகப் பாடிய மெசின்.

பற்றரி வயரை முதலில் கழற்றினோம். எண்ணெயை வடித்தோம். ஒவ்வொரு வயருக்கும் மாமியின் பழைய சீலைத் துண்டு ஒவ்வொரு நிறத்தில் கட்டினார். துருப்பிடித்த நான்கு நட்டுக்கும் ஒருநாள் முழுக்க மண்ணெண்ணெய் வார்த்தார். மெசின் மூன்று நெல்மூட்டைப் பாரம். மணலில் பாரம் தூக்குகிற ஜக் நிற்காது. பின்கதவிலிருந்து இரண்டு தென்னங்குற்றியைச் சரித்து, கரைவலைக்காரர் நான்கு பேரைப் பிடித்து இறக்கினோம். அவர்கள் சத்தம் போட மாமா விடவில்லை.

"மெல்லக் கதைங்கடா. சுகமில்லாத ஆள்."

"காக்கா, இதுக்குக் கஞ்சி குடுத்தீங்களா?" என்று மாமாவைக் கேட்டான் ஒருவன். மாமா மெசினுக்கு ஒரு போர்வையைப் போர்த்தினார்.

பரீதாவின் வீட்டுக் குசினிக்குப் பின்னால், புதிதாகக் கிடுகு வேய்ந்த கொட்டிலுக்குள் கொண்டுபோய் வைத்தோம். அங்கே சிமெந்துக் கட்டு ஒன்று காய்ந்து கிடந்தது. நான்கு போல்ட் நிமிர்ந்து நின்றது.

"மாமா, சேவிஸுக்கு ஆராவது சிமெந்து போடுவாங்களா?"

"வாயப் பொத்திக்கிட்டு நட்ட முறுக்குடா."

மாமி வந்து சிமெந்தைப் பார்த்தார். பஸ்ஸில் ஏறி மணியை இரண்டுதரம் அடித்தார். பிறகு உட்கார்ந்து லாம்புச் சிமினியைத் துடைக்கத் தொடங்கினார்.

கரி தட்டி, கழுவி, பூட்டி, சரிபார்க்கிற சாட்டில் மாமா வீட்டுக்குள் வயர் இழுத்தார். நாள் வைக்க வந்தவர்கள் முன்னால் மெசின் பாடியது. பஸ் இருட்டில் நின்றது, வீட்டில் லைட் எரிந்தது. "இப்பதான் ஊடு" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. கல்யாணம் நடந்தது. மாமா ஒழுங்கை முனைவரை கேட்க ஹோர்ன் அடித்து மாப்பிள்ளையை வரவேற்றார்.

"வாப்பா, மெசின எப்ப பஸ்ஸுல பூட்டுவீங்க?" என்று பரீதா கேட்டாள்.

"கொழும்புல இரிந்து ஒரு சாமான் வரணும் மகள்."

சாமான் மாதக்கணக்காக வரவில்லை. ஒருமுறை ரயிலில் தவறிவிட்டது. ஒருமுறை தவறான அளவு வந்தது. பிறகு அதைச் செய்கிற நாட்டிலேயே நிறுத்திவிட்டார்களாம்.

பரீதா நம்பினாளா இல்லையா என்று தெரியாது. ஒருநாள் நடுச்சாலை பல்பில் ஒன்றைக் கழற்றி, வெளிச்சுவரில், பஸ் ஜன்னலுக்கு நேரே பூட்டிவிட்டாள்.

"என்னத்துக்கு மகள் அது?"

"உள்ளுக்குப் பூச்சி வருது வாப்பா. சாமான் வந்தொண்ண கழட்டிருவன்."

"ஓம், ஓம். வந்தொண்ண கழட்டிரு" என்று சொல்லிவிட்டு மாமா பேப்பரை விரித்தார்.

அதன்பிறகு நான் பல ஊரில் வேலை செய்துவிட்டேன். அந்த இரண்டு பேரைப்போல நல்ல பொய்யர்களை எங்கும் காணவில்லை.