அத்தையின் வைனும் அந்துப்பூச்சிகளும்

பூச்சி பிடிக்கிறவனுக்குப் பெண் கொடுக்க அசாத்தியத் துணிச்சல் வேண்டும். ராயப்பன்பட்டியில் என் மாமியாருக்கு அது இருந்தது. என்னோடு பேசும் துணிச்சல்தான் இல்லை.

மாப்பிள்ளையிடம் நேருக்கு நேர் பேசுவது மரியாதையில்லை என்பது அத்தையின் கொள்கை. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். "ஸ்டெல்லா, அவுகளுக்கு இன்னொரு இட்லி வேணுமான்னு கேளு" என்பார். என் மனைவி கேட்பாள். நான் அவளிடம் பதில் சொல்வேன். (ஐ.நா. சபை தோற்றது.) அம்மா இல்லாதவன் நான். அத்தை ஒரு தடவையாவது என்னைப் பார்த்து "சாப்பிடுப்பா" என்று சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் எங்கே என்னென்ன அந்துப்பூச்சிகள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பது என் வேலை. தலைக் கிறிஸ்துமஸுக்குப் போன இடத்திலும் கை சும்மா இருக்கவில்லை. புளித்த பழச்சாற்றில் வெல்லம் கரைத்து, கயிற்றை ஊறவைத்துக் கட்டினால் பூச்சிகள் தேடி வரும். அடுப்படி மூலையில் ஒரு ஜாடி நிறையப் புளித்த திராட்சைச் சாறு இருந்தது. கெட்டுப்போனதுதானா என்று கேட்க ஸ்டெல்லா இல்லை. கோயிலில் குடில் ஜோடிக்கப் போயிருந்தாள். அத்தை வாசலில்தான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஆனால் நாங்கள்தான் பேசிக்கொள்ள மாட்டோமே!

ஜாடியைக் காலி செய்து, பின்பக்கத் தோட்டத்துத் திராட்சைப் பந்தலில் கயிறுகளைக் கட்டினேன். பொழுது சாய்ந்ததும் வந்தன பாருங்கள்! எல்லாம் பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கிற வகை. (இவற்றை விரட்டுவது எப்படி என்று விவசாயிகளுக்கு வகுப்பெடுத்தவன் நான்.) மறுநாள் வெட்ட வேண்டிய குலைகள் தலைக்குமேல் தொங்கின.

காலி ஜாடியோடு அத்தை வந்து நின்றார். அது பண்டிகைக்கு வரும் சொந்தங்களுக்காக அவர் போட்டு வைத்த வைன். கயிற்றைப் பார்த்தார், பூச்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏலே கிறுக்குப் பயலே! வைனப் போயி பூச்சிக்கு ஊத்திட்டியேடா! அங்கன என்னத்த வேடிக்க பாக்குற? கயித்த அவுருடா!"

அவிழ்த்தேன். நாலாவது கயிற்றில்தான் அத்தைக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ மாதாவே... தப்பா எடுத்துக்கிறாதீக மாப்ள."

"இல்ல அத்தை, இன்னும் கொஞ்சம் திட்டுங்க" என்றேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. வெல்லப் பிசுக்குக் கையால் துடைத்ததில் இமைகள் ஒட்டிக்கொண்டன. அத்தை சிரித்தபடி, முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துவிட்டார்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு வந்தவர்கள் எலுமிச்சை ஜூஸ் குடித்தார்கள். இன்றும் சொந்தக்காரர்கள் என்னைக் கண்டால், "பூச்சியெல்லாம் சாப்ட்டுச்சா மாப்ள?" என்றுதான் விசாரிக்கிறார்கள்.

அத்தை இப்போது என் போனுக்குத்தான் கூப்பிடுகிறார். அரைமணி நேரம் பேசுவார். ஸ்டெல்லாவிடம் கொடுக்கட்டுமா என்று கேட்டால், "அவகிட்ட எனக்கென்னப்பா பேச்சு? நல்லாருக்காளான்னு நீயே கேட்டுச் சொல்லு" என்கிறார்.